ஊட்டியில் சைக்கிள் சவாரியா? ஏத்தத்துக்கு பயப்படாதீங்க, இறக்கத்துக்கு மூட்டை கட்டுங்க!

ஊட்டி:

"ஊட்டியில சைக்கிளா? முட்டி கழன்றுடும்!" - மலையில் சைக்கிள் ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்கும் பேச்சு இதுதான்.

உண்மையில் ஏற்றம் ஆளை களைப்பாக்கும், அவ்வளவுதான். முடியாவிட்டால் இறங்கி தள்ளிக்கொண்டு போகலாம். யாரும் சிரிக்கப் போவதில்லை. ஆபத்து இருப்பது இறக்கத்தில். அங்கே பிரேக் பிடிக்கவில்லை என்றால் இறங்கி தள்ளக்கூட நேரம் கிடைக்காது.

ஊட்டி கடல் மட்டத்தில் இருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. குன்னூர் சுமார் 1,850 மீட்டர். இடையில் உள்ள தூரம் 18 கிலோ மீட்டர்தான். அதற்குள் கிட்டத்தட்ட 390 மீட்டர் இறங்க வேண்டும். 130 மாடி கட்டிடத்தில் இருந்து சைக்கிளில் இறங்குவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். குன்னூரில் இருந்து மேட்டுப்பாளையம் போகும் மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. கல்லட்டி பாதையில் 36 வளைவுகள். இந்த இரண்டும் ஜாலி சவாரிக்கான ரோடுகள் அல்ல.

டிசம்பர் 2008-ல் 'டூர் ஆப் நீலகிரீஸ்' சைக்கிள் பயணம் முதல்முறையாக நடந்தது. அதில் வருகிறவர்களின் மூட்டைகளை சுமக்க கூடவே வண்டிகள் வரும். ரிப்பேர் பார்க்கவும் ஆள் இருக்கும். லீவு நாளில் தனியாக கிளம்பும் சாதாரண ஆளுக்கு அந்த வசதி கிடையாது. தேவையானதை சைக்கிளே சுமக்க வேண்டும். அதனால் எதை எடுக்கணும், எங்கே கட்டணும் என்பது முக்கியமாகிறது.

பல்லை எண்ணிப் பாருங்க

முன்பக்கம் 44 பல், பின்பக்கம் 18 பல் உள்ள சாதாரண சைக்கிளில் பெடலை ஒரு சுற்று மிதித்தால் பின்சக்கரம் ஏறக்குறைய இரண்டரை சுற்று சுற்றும். சமவெளிக்கு இது சரி. மேட்டில் காலை பிடித்து இழுக்கும்.

கியர் சைக்கிளில் முன்னால் 24 பல், பின்னால் 28 பல் போட்டால் ஒரு மிதிக்கு சக்கரம் ஒரு சுற்றுக்கும் குறைவாகத்தான் சுற்றும். மெதுவாக போகும், ஆனால் ஏறிவிடும். மலைக்கு சைக்கிள் வாங்குகிறவர்கள் எத்தனை கியர் என்று கேட்பதை விட, முன்னால் சின்ன பல் சக்கரமும் பின்னால் பெரிய பல் சக்கரமும் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

ஊட்டியில் காற்றழுத்தம் கடலோர ஊர்களை விட ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைவு. சமவெளியில் இருந்து வருகிறவர்களுக்கு முதல் நாள் மூச்சு வாங்கும். மறுநாள் ஓட்டினால் உடம்பு கொஞ்சம் பழகியிருக்கும்.

பிரேக் கட்டை தேய்ந்திருக்கா?

சைக்கிளும் ஆளும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 10 கிலோ மூட்டை கட்டினால் பிரேக் தாங்க வேண்டிய பாரம் எட்டில் ஒரு பங்கு கூடுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் சுமார் நான்கு மடங்காகும். பாரமும் வேகமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

கிளம்பும் முன்பு பிரேக் கட்டையை குனிந்து பாருங்கள். அதில் உள்ள வெட்டுக்கோடுகள் மறைந்திருந்தால் மாற்றிவிடுங்கள். கேபிளில் ஒரு இழை அறுந்திருந்தாலும் புதுசு போடுங்கள்.

இறக்கம் முழுக்க பிரேக்கை பிடித்தபடியே வரக்கூடாது. ரிம் சூடேறி டியூப் வெடிக்க வாய்ப்பு உண்டு. வளைவு வரும் முன்பே இரண்டு பிரேக்கையும் சேர்த்து பிடித்து வேகத்தை குறைத்து, பிறகு விட வேண்டும். மழையில் ரிம் நனைந்திருந்தால் பிரேக் பிடிக்க கூடுதல் நேரம் ஆகும். அப்போது முன்கூட்டியே லேசாக பிடித்து ஈரத்தை துடைத்துக்கொள்ள வேண்டும். டிஸ்க் பிரேக் மழையில் நன்றாக பிடிக்கும். ஆனால் இறங்கியதும் அந்த தட்டை தொட்டுவிடாதீர்கள், கை வெந்துவிடும்.

கனம் கீழே, லேசானது மேலே

ஒருநாள் சவாரிக்கு மொத்த மூட்டை 5 கிலோவை தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்லது. முதுகில் பை மாட்டினால் வியர்வையில் சட்டை நனைந்து, இறங்கும்போது குளிர் எடுக்கும். பையை கேரியருக்கு மாற்றுங்கள்.

கேரியரின் இரண்டு பக்கமும் தொங்கும் சைடு பை இருந்தால் ரொம்ப நல்லது. ஸ்பேனர், பூட்டு, பம்ப் போன்ற கனமான சாமான்கள் பையின் அடியில் போகட்டும். இரண்டு பக்கமும் எடை சமமாக இருக்க வேண்டும். சுவெட்டர், துண்டு மேலே. கனத்தை கேரியர் உச்சியில் கட்டினால் வளைவில் சைக்கிள் ஆடும். ஹேண்டில்பாரில் பை தொங்கவிடவே கூடாது. அது ஆடி முன்சக்கரத்தில் மாட்டினால் ஆள் தலைகுப்புற விழ வேண்டியதுதான்.

கட்டுவதற்கு பழைய டியூபை நீளமாக வெட்டிய ரப்பரே போதும். வழுக்காது. தொங்கும் நுனியை மட்டும் உள்ளே செருகிவிடுங்கள்.

ரிப்பேருக்கு ஒரு டியூப், பஞ்சர் ஒட்டும் சாமான், டயர் லிவர், கை பம்ப், ஸ்பேனர், ஒரு பிரேக் கேபிள், ஒரு ஜோடி பிரேக் கட்டை போதும். டீ எஸ்டேட் ரோட்டில் பஞ்சர் கடையை தேடி அலைய முடியாது.

கையுறை எதுக்கு?

கையுறை ஸ்டைலுக்கு இல்லை. குளிரில் விரல் மரத்துப்போனால் பிரேக்கை இழுக்க முடியாது. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் காலையில் இது கட்டாயம் தேவை. அந்த நாட்களில் வெயில் ஏறி ரோடு காய்ந்த பிறகு கிளம்புவதே நல்லது.

ஏறும்போது மெல்லிய சட்டை போதும். இறங்குவதற்கு முன்பு நின்று சுவெட்டரும், காற்று புகாத மேல்சட்டையும் போட்டுக்கொள்ள வேண்டும். மழைக்கோட்டை பையின் மேலேயே வையுங்கள். மழை வந்த பிறகு அடியில் தேடினால் எல்லா துணியும் நனைந்துவிடும். நீளமான கோட்டு நுனி செயினில் மாட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பனிமூட்டம் பகலிலும் இறங்கும். முன்னால் வெள்ளை லைட், பின்னால் சிவப்பு லைட், கூடவே பெல் இருக்க வேண்டும். ஹெல்மெட் போடாமல் கிளம்ப வேண்டாம்.

வர்க்கிக்கும் தனி இடம்

நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு தடை உள்ளது. ஸ்டீல் பாட்டிலில் தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். துணியை சுற்ற கேரி பேக் வேண்டாம், தார்பாய் அல்லது ரெக்சின் பை பயன்படுத்தலாம்.

2023-ல் புவிசார் குறியீடு பெற்ற ஊட்டி வர்க்கியை கேரியரில் ரப்பர் போட்டு இறுக்கினால் தூள்தான் மிஞ்சும். டப்பாவில் போட்டு மேலே வையுங்கள். மூடி இறுக்கமாக இருக்கட்டும். குரங்குகள் திறந்த பையை விடாது.

எங்கே ஓட்டலாம்?

புதியவர்கள் ஊட்டி ஏரி பக்கம் ஒரு நாள் ஓட்டிப் பார்த்து பிரேக்கை சோதிக்கலாம். பிறகு லவ்டேல், கேத்தி பக்கம் போகலாம். குன்னூரில் சிம்ஸ் பூங்காவில் இருந்து லேம்ஸ் ராக், டால்பின் நோஸ் போகும் ரோடு டீ எஸ்டேட் வழியாக செல்கிறது. போகும்போது இறங்கினால் வரும்போது ஏற வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். பாதி தெம்பை திரும்பி வருவதற்கு மிச்சம் வையுங்கள்.

சீசனில் கூட்டம் அதிகம். சென்னை ஐகோர்ட்டு உத்தரவுப்படி 7.5.2024 முதல் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை வந்ததே நெரிசலால்தான். எனவே ஏப்ரல், மே மாதங்களில் காலை 9 மணிக்குள் மெயின் ரோட்டை தாண்டிவிடுவது நல்லது.

குன்னூர், கோத்தகிரி எஸ்டேட்டுகளில் காட்டெருமையும் கரடியும் நடமாடுகின்றன. காட்டெருமை நின்றால் பெல் அடிக்காமல் தூரமாக நின்று, அது போன பிறகு கிளம்புங்கள். இருட்டும் முன்பு வீடு அல்லது லாட்ஜ் வந்து சேர்ந்துவிட வேண்டும். அவசரத்துக்கு 108.

மூட்டை கட்டி முடித்ததும் சமதரையில் நூறு அடி ஓட்டி, இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பாருங்கள். சைக்கிள் ஆடாமல் நேராக நிற்கிறதா? கிளம்பலாம். ஆடுகிறதா? ஒரு சாமானை வீட்டிலேயே வைத்துவிட்டு மறுபடியும் ஓட்டிப் பாருங்கள்.