சிறு கல்லூரியிலிருந்து பெருங்களத்திற்கு

அமெரிக்கர் காற்பந்து என வழங்குவது நாம் திடலில் ஆடும் ஆட்டம் அன்று. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடுவது அது. கல்லூரிகளில் ஆடித் தேர்ந்தோரை 32 தொழில்முறைக் குழுக்கள் ஆண்டுதோறும் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கின்றன.

அங்குக் கல்லூரிகள் பல கூட்டமைப்புகளாகப் பிரிந்து போட்டியிடுகின்றன. பெரிய கூட்டமைப்புகளின் ஆட்டங்களைத் தொலைக்காட்சி நாடெங்கும் காட்டுகிறது. சிறியவற்றின் வீரர்களோ எளிதில் தேர்வாளர் கண்ணிற் படுவதில்லை.

ஜெர்ரி ரைஸ், மிசிசிப்பி மாநிலத்துக் கொத்தனார் ஒருவரின் மகன். தந்தையின் வேலையில் எறியப்பட்ட செங்கற்களைப் பிடித்துப் பிடித்து அவர் கை உறுதி பெற்றது. மிசிசிப்பி வேலி எனும் சிறிய பல்கலைக்கழகத்தில் ஆடிய அவரை, 1985இல் சான் பிரான்சிஸ்கோ குழு 16ஆவது தேர்வாக ஏற்றது. பந்தைப் பிடித்து அவர் கடந்த 22,895 கெஜம் இன்றும் முறியடிக்கப்படாத சாதனையாகும்.

வடக்கு ஐயோவா பல்கலைக்கழகத்தின் கர்ட் வார்னரையோ 1994இல் எக்குழுவும் தேர்ந்தெடுக்கவில்லை. இரவில் மளிகைக் கடையில் பொருள்களை அடுக்கிப் பிழைத்தார். ஆட்டத்தை மட்டும் கைவிட்டாரில்லை. 2000 சனவரியில் நடந்த சூப்பர் பவுல் இறுதியாட்டத்தில் செயிண்ட் லூயிஸ் குழுவை வெற்றிபெறச் செய்து, சிறந்த ஆட்டக்காரர் விருதும் பெற்றார்.

கல்லூரியில் ஆடுவோருள் மிகச் சிலரே இந்நிலையை எட்டுகின்றனர் என்பதையும் நாம் மறைக்கலாகாது. ஆகவே ஆட்டத்தோடு படிப்பையும் பற்றிக்கொள்ள வேண்டும். பெற்றோரே, பள்ளி சிறிதென்று மனந்தளர வேண்டா. சிறிய இடத்திலிருந்து செல்வோர்க்கு வழி நெடிது, ஆனால் அடைபட்டதன்று.