ஃப்ளோ மீட்டரின் ஞாபகம்

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் ஸ்ரீரங்கத்துக்குப் பஸ் ஏற நிற்கும் பிரயாணி, குழாயைத் திருகி முகம் அலம்பிக்கொள்ளும்போது, அந்த நீர் எவ்வளவு வந்தது, எந்த வேகத்தில் வந்தது என்று யோசிப்பதில்லை. யோசிக்க வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. ஆனால் மேற்கே கம்பரசம்பேட்டையிலும், வடக்கே கொள்ளிடத்து மணற்பரப்பிலும் இறைக்கப்படும் நீரை நம்பியிருக்கும் இந்நகரில், பம்ப் ஹவுஸில் இருப்பவர்கள் அதை யோசித்தே ஆகவேண்டும்.

அவர்களுக்குத் துணையாக இருப்பது மின்காந்த ஃப்ளோ மீட்டர். காந்த மண்டலத்தின் குறுக்கே நீர் ஓடினால், ஓட்டத்தின் வேகத்துக்கேற்ற சிறு மின்னழுத்தம் அதில் எழும் என்பதே அதன் தத்துவம். இந்தத் தூண்டல் விதியை 1831-ல் கண்ட மைக்கேல் பாரடே, மறுவருஷமே லண்டன் வாட்டர்லூ பாலத்தருகே தேம்ஸ் நதியில் உலோகத் தகடுகளை இறக்கி, பூமியின் காந்தத்தைக் கொண்டே அந்த மின்சாரத்தைக் காண முயன்றார், முயற்சி பலிக்கவில்லை. அன்று அந்த மேதைக்கு எட்டாத காரியத்தை, இன்று குழாயோடு பொருத்திய கருவியொன்று ஓயாமல் செய்து வருகிறது.

எனினும், மீட்டரின் முகத்தில் தெரிவது இந்த நிமிஷத்து ஓட்டமும் இதுவரை சென்ற நீரின் மொத்தமும்தான். நேற்றிரவு நடந்ததை அறிய அதற்கு ஞாபகம் வேண்டும். அதைத்தான் டேட்டா லாகிங் என்கிறோம். பத்தாயிரம் ரீடிங் கொள்ளும் நினைவகத்தில் நிமிஷத்துக்கொரு முறை பதிந்தால், ஏழு நாள் முடியுமுன் இடம் நிரம்பிவிடும். கால் மணிக்கொரு முறை பதிந்தால் நூற்று நான்கு நாள் தாங்கும். நிரம்பியபின் பழையதை அழித்து எழுதுவதா, அத்தோடு நிறுத்திக்கொள்வதா என்பதையும் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். ஊர் உறங்கும் அதிகாலை இரண்டு முதல் நான்கு மணிக்குள் குழாயில் ஓடும் நீரில் பெரும்பங்கு கசிவாகவே இருக்கக்கூடுமாதலால், அந்நேரத்தைத் தவறவிடும் அளவுக்கு இடைவெளியை நீட்டுவது பெரும் பிழை.

அலாரம் இன்னும் நுட்பமான விஷயம். மணிக்கு 400 கன மீட்டருக்குக் கீழே ஓட்டம் குறைந்தால் எச்சரிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஓட்டம் 399-க்கும் 401-க்கும் இடையே ஊசலாடினால் அலாரம் அடித்து அடித்து ஓயும். பதிவேடு முழுதும் அதுவே நிரம்பி, உண்மையான அபாயம் அந்தக் கூட்டத்தில் மறைந்துபோகும். ஆப்பரேட்டரும் சலித்துப்போய் ஒலியை அடக்கிவிடுவார். ஆகையால், 400-க்குக் கீழே முப்பது விநாடி நிலைத்தால்தான் ஒலிக்க வேண்டும், 420-ஐத் தாண்டினால்தான் விலக வேண்டும் என்ற நியமம் அவசியம். குழாய் முழுதும் நிரம்பாவிட்டால் மீட்டர் பொய்யான எண்ணைக் காட்டுமென்பதால், வெற்றுக்குழாய் அலாரத்தைத் தனியாகவே பதியச் செய்வது நலம். '2.47 குறைந்த ஓட்டம், 3.20 விலகியது' என்று தொடக்கமும் முடிவும் சேர்ந்து நிற்கும் ஒரே வரி, பம்ப் நின்றதா, வால்வு மூடப்பட்டதா என்று மின்வாரியத் தடை நேரத்தோடு ஒப்பிட்டறிய உதவும்.

அந்த ஒப்பீடு முழுவதும் கடிகாரத்தை நம்பியே இருக்கிறது. மின்தடைக்குப் பின் தேதியை மறந்துவிடும் மீட்டர்களும் உண்டு. தேதி தவறிய பதிவு எத்தனை துல்லியமாயினும் விசாரணையில் பிரமாணமாக நிற்காது. அளவு சரிதானா என்று பரிசோதிக்க அண்டை மாநிலத்துப் பாலக்காட்டில் பாய்மக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஆனால் கடிகாரத்தைத் திருத்தவும் அலாரத்தின் எல்லைகளை வகுக்கவும் வேண்டியவர் பம்ப் ஹவுஸிலேயே இருப்பவர்தான்.

ஆகவே பொறியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மீட்டரோடு வந்த எல்லைகளை அப்படியே விட்டுவிடாதீர்கள். முதலில் கடிகாரத்தைச் சரிசெய்து, ஒரு மாதம் ஓட்டத்தைப் பதிந்து, உங்கள் குழாயின் சுபாவத்தை அறிந்தபின் எல்லைகளை வகுத்து, அவற்றை லாக் புக்கின் முதற்பக்கத்தில் எழுதி வையுங்கள்.