வயிறு நிறைந்தால் போதுமா?

அண்மையில் இளந்தாய்மாருக்கென ஆலய வளவில், வேப்பமர நிழலில் வகுப்பொன்றை நடத்தினோம். குழந்தைகளை நிறுத்துப் பார்த்தபோது, எட்டு மாதக் குழந்தையொன்றின் வளர்ச்சிக் கோடு ஆறு மாதம்வரை நன்றாக ஏறி, அதன்பின் ஏறாமல் நின்றிருந்தது. தாய் கலங்கிப்போனார்.

"நாளுக்கு நாலுதரம் கஞ்சி குடுக்கிறன் சுவாமி. பிள்ளை வயிறு நிறைஞ்சுதான் நித்திரை கொள்ளுது" என்றார்.

அவர் சொன்னது உண்மை. ஆனால் கொண்டுவந்திருந்த கஞ்சியைப் பார்த்தோம், பெரும்பகுதி தண்ணீர்.

அப்படிக் காய்ச்சக் கற்றுக்கொடுத்தவர் குழந்தையின் அம்மம்மா. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சிக்கு நடந்தவர்களில் அவரும் ஒருவர். ஒரு சிறங்கை அரிசியால் ஐந்து பேரின் பசியாற்றியவர். அன்று அது உயிர்காத்த கெட்டித்தனம். ஆனால் இடம்பெயர்வில் பழகிய கை, அரிசி இருக்கும் நாளிலும் தண்ணீரையே கூட்டுகிறது. இது நம்மில் பலருக்கும் உள்ள பழக்கம்.

குழந்தையின் இரைப்பை சிறியது. தண்ணீர்க் கஞ்சி அதை விரைவில் நிரப்பிவிடும், சத்துக்கு இடமிராது. ஆகவே கரண்டியைச் சரித்துப் பாருங்கள். வழிந்தோடினால் போதாது. கரண்டியில் தங்கி நிற்க வேண்டும்.

எப்போது தொடங்குவது? முன்னர் 4 முதல் 6 மாதத்துக்குள் என்றார்கள். 2001 முதல் உலக சுகாதார நிறுவனம் கூறுவது 6 மாதம்வரை தாய்ப்பால் மட்டுமே என்பதாகும், தண்ணீரும் வேண்டியதில்லை. 6 மாதம் நிறைந்ததும் பிந்தாமல் சோறு தீத்த வேண்டும். பிறக்கும்போது உடலில் சேர்ந்திருந்த இரும்புச்சத்து அவ்வேளையில் குறைந்துவிடும். தாய்ப்பாலை இரண்டு வயதுவரையும் அதற்கு மேலும் தொடரலாம்.

விலையுயர்ந்த மாவகைகள் தேவையில்லை. அரிசியுடன் பருப்போ பயறோ சேர்த்துக் குழைய அவித்து, கரண்டியால் மசியுங்கள். முருங்கையிலை அல்லது பூசணித் துண்டு சேருங்கள். ஒரு சிறுகரண்டி தேங்காயெண்ணெய், அளவைக் கூட்டாமல் பலத்தைக் கூட்டும். முள் நீக்கிய மீனையும் நன்கு அவித்த முட்டையையும் 6 மாதத்திலிருந்தே கொடுக்கலாம். பப்பாசிப்பழம் கீரையின் இரும்புச்சத்து உடலில் சேர உதவும். உப்பும் சீனியும் வேண்டாம். ஒரு வயதுவரை தேனும் வேண்டாம்.

முதலில் நாளுக்கு 2, 3 தரம், ஒவ்வொரு தரமும் 2, 3 மேசைக்கரண்டி. மெல்ல மெல்ல அரைக் கோப்பையாகக் கூட்டுங்கள். 9 மாதத்திலிருந்து 3, 4 தரம் கொடுங்கள். துப்பினால் வற்புறுத்தாதீர்கள், மறுநாளும் கொடுத்துப் பாருங்கள். சமைக்குமுன்னும் தீத்துமுன்னும் சவர்க்காரமிட்டுக் கை கழுவுங்கள். காலையில் சமைத்ததை மாலைவரை வைத்துக் கொடுக்காதீர்கள். காய்ச்சலோ வயிற்றோட்டமோ வந்தாலும் பாலையும் உணவையும் நிறுத்த வேண்டாம்; சுகமானபின் சில நாட்கள் ஒரு தரம் கூடுதலாகக் கொடுங்கள். எடை ஏறாவிட்டால் குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டுங்கள்.

வகுப்பு முடிவில் முதலில் கரண்டியைச் சரித்துப் பார்த்தவர் அந்த அம்மம்மாவே.

"அப்ப இல்லாததாலை தண்ணி விட்டம். இப்ப ஏன் விடுறன்?" என்று தம்மையே கேட்டுக்கொண்டார்.

இன்றைக்கு உங்கள் வீட்டிலும் அந்தக் கரண்டியைச் சரித்துப் பாருங்கள். நாம் இழந்த நிலம் மீளக் காலமெடுக்கலாம். குழந்தையின் வளர்ச்சி அதுவரை காத்திராது.