ரிப்போர்ட்டில் இல்லை, செல்லில் இருக்கிறது

ரத்தத்தில் எச்.ஐ.வி. எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் வைரல் லோடு ரிப்போர்ட்டில் 'டார்கெட் நாட் டிடெக்டட்' (வைரஸ் தென்படவில்லை) என்று வந்ததும், நோய் போய்விட்டது என்று நினைத்து மாத்திரையை விட்டுவிடுபவர்கள் உண்டு. எச்.ஐ.வி.யை அடியோடு போக்கித் தருகிறோம் என்று பணம் பறிப்பவர்களும் இவர்களைத்தான் குறிவைக்கிறார்கள். ஆனால் ரத்தப் பரிசோதனையில் சிக்காத வைரஸ், செல்லுக்குள் நம் மரபணுவோடு கலந்து கிடக்கிறது.

எச்.ஐ.வி. ஒரு ரெட்ரோவைரஸ். அதன் மரபுச் செய்தி முழுவதும் ஆர்.என்.ஏ.வில் சுமார் 9,700 எழுத்துகள்தான். நோய் எதிர்ப்புப் பணியை ஒருங்கிணைக்கும் சி.டி.4 செல்லுக்குள் புகுந்ததும், 'ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ்' என்ற நொதி அந்த ஆர்.என்.ஏ.வைப் பார்த்து டி.என்.ஏ.வை உருவாக்குகிறது. இப்படி ஒரு நொதி இருப்பதை 1970-ல் ஹோவர்ட் டெமினும் டேவிட் பால்டிமோரும் தனித்தனியே கண்டறிந்து, 1975-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

அடுத்த வேலை 'இன்டக்ரேஸ்' நொதியுடையது. வைரஸ் டி.என்.ஏ.வின் இரு முனைகளிலும் இரண்டிரண்டு எழுத்துகளை நறுக்கி, நம் டி.என்.ஏ.வை வெட்டி அதில் கோத்துவிடுகிறது. மிச்சமிருக்கும் இடைவெளியை அடைப்பது நம் செல்லின் பழுதுபார்க்கும் நொதிகளேதான்! அதன்பின் அந்தச் செல் பிரியும்போதெல்லாம் வைரஸின் மரபணுவும் சேர்ந்தே பிரதியாகிறது.

இப்படி வைரஸ் சேர்ந்த செல்களில் சில வருடக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். எச்.ஐ.வி.க்குச் சிகிச்சை தரும் அரசு ஏ.ஆர்.டி. மையங்களில் இலவசமாகத் தரும் மாத்திரையில் உள்ள டெனோஃபோவிரும் லாமிவுடினும் முதல் நொதியைத் தடுக்கின்றன. டொலுடெக்ராவிர் இன்டக்ரேஸைத் தடுக்கிறது. புதிய செல்களில் வைரஸ் சேராது. ஏற்கெனவே சேர்ந்ததை எடுக்க இவற்றால் முடியாது. உறங்கும் செல்கள் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 44 மாதம் ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலேயே வைரஸ் மீண்டும் பெருகிவிடும். புற்றுநோய்க்காக எலும்பு மஜ்ஜை மாற்றிக்கொண்டு, எச்.ஐ.வி.யிலிருந்தும் மீண்டவர்கள் உலகிலேயே விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். எய்ட்ஸைக் குணப்படுத்தும் என்று சொல்லி மருந்து விற்பதை மருந்து விதிகளின் 'ஜே' அட்டவணை தடைசெய்கிறது.

அதே ரிப்போர்ட் இன்னொரு நல்ல செய்தியும் சொல்கிறது. மாத்திரையை விடாமல் எடுத்து வைரஸ் அளவு தொடர்ந்து கட்டுக்குள் இருப்பவரிடமிருந்து உடலுறவு வழியாக எச்.ஐ.வி. பரவுவதில்லை. தொற்று இல்லாதவருக்கு ஊசி குத்தியோ பாதுகாப்பற்ற உறவாலோ தொற்றுக்கு வாய்ப்பு என்று பயமிருந்தால், 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்தைத் தொடங்கி 28 நாள் எடுக்க வேண்டும். வைரஸ் செல்லில் நிலைகொள்ளும் முன்பே மறிக்க வேண்டும் என்பதால்தான் இந்த அவசரம். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

மருந்தோடு சட்டத்தின் பாதுகாப்பும் உண்டு. 2018 செப்டம்பர் 10 முதல் இந்தியாவில் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் அமலில் இருக்கிறது. வேலைக்குச் சேர எச்.ஐ.வி. சோதனையை நிபந்தனையாக்கக் கூடாது. தொற்றைக் காட்டி வேலையைவிட்டு நீக்குவது, பள்ளியில் இடம் மறுப்பது, வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்வது, சிகிச்சை தர மறுப்பது ஆகிய பாகுபாடுகளுக்கும் தடை உண்டு. பொதுவாக ஒருவரின் சம்மதமின்றிச் சோதிக்கவும், முடிவை வெளியே சொல்லவும் கூடாது.

இந்த உரிமைகள் மறுக்கப்பட்டவர் மாநிலக் குறைதீர்ப்பாளரிடம் புகார் கொடுக்கலாம். அவர் 30 நாளுக்குள் உத்தரவிட வேண்டும். மருத்துவ அவசரமென்றால் கூடுமானவரை 24 மணி நேரத்துக்குள். உத்தரவை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம். மீறல் தொடர்ந்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வரை கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும். எங்கே போவது, யாரைக் கேட்பது என்று தெரியாதவர்கள் 1097 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம். அல்லது அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்துக்குப் போகலாம்.