எந்த நோவுக்குக் கடல் கடக்க வேண்டும்?

யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தில் விடியப்புறம் ஓடுகிறவர்கள் எல்லோரும் பெடியள் அல்லர். தலை நரைத்தவர்களும், ஓய்வூதியம் எடுப்பவர்களும், பேரப்பிள்ளை கண்டவர்களும் அவர்களுக்குள் இருக்கிறார்கள். பரிசுக்கு ஓடுகிறவர்கள் அல்லர் இவர்கள். இரத்தத்தில் சீனி கூடாமல் இருக்கவும், மனம் கொஞ்சம் தெளியவும் ஓடுகிறவர்கள். தீவகத்தின் வேலணை, புங்குடுதீவு, ஊர்காவற்றுறைத் தெருக்களிலும் இப்படி ஒருவர் இருவரைக் காணலாம். 2023 இல் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் தடகளப் போட்டியில், முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மா எழுபது தாண்டிய வயதில் 1500 மீற்றர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். அதற்குப் பிறகு, வயது போனவர்கள் ஓடுவதை எங்கள் சனம் கொஞ்சம் மரியாதையோடு பார்க்கத் தொடங்கியிருக்கிறது.

ஆனால் ஐம்பதைத் தாண்டி ஓடுகிறவருக்கு நெஞ்சும் மூச்சும் ஒத்துழைத்தாலும் கால் மறிக்கும். குதி, கணுக்கால், குதிக்கு மேலேயுள்ள நாண் என்று ஒன்று மாறி ஒன்று நோகும். தீவகத்தில் இந்த நோவுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். அங்கிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு பஸ்ஸில் இன்னொரு நீண்ட ஓட்டம். காற்றுக் கிளம்பினால் படகும் இல்லை. ஆகவே, எந்த நோவை வீட்டு வாசற்படியிலேயே மாற்றலாம், எந்த நோவுக்கு உடனே படகேற வேண்டும் என்பதுதான் இங்குள்ள ஓட்டக்காரர் முதலில் அறிய வேண்டியது. இதில் மருத்துவ ஆய்வுகள் தெளிவாகச் சொல்பவை நிறைய இருக்கின்றன.

ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் பாதத்தில் இறங்கும் விசை உடல் எடையின் 2 முதல் 3 மடங்கு. 60 கிலோ எடையுள்ளவர் நிமிடத்துக்கு 165 அடி வீதம் 35 நிமிடம் ஓடினால், ஒரு காலுக்கு 2,800 அடிக்கு மேல் வரும். அந்த ஒவ்வொரு அடியிலும் 120 முதல் 180 கிலோ. இதைத் தாங்குவது 26 எலும்புகளும், 33 மூட்டுகளும், குதியெலும்பிலிருந்து விரல்களின் அடிவரை உள்ளங்காலில் ஓடும் தடித்த நார்ப்பட்டை ஒன்றும். பாதத்தின் வளைவை வில் என்றால் இந்தப் பட்டை அந்த வில்லின் கயிறு. கதிரையில் இருந்து, பாதத்தை நிலத்தில் வைத்தபடி, பெருவிரலைக் கையால் மேல்நோக்கி வளைத்துப் பாருங்கள். உள்வளைவு தானாக எழும்பும். 1954 இல் ஹிக்ஸ் என்ற பிரித்தானிய வைத்தியர் விளக்கிய பொறிமுறை இது. குதி நிலத்தை விட்டு எழும் ஒவ்வொரு தடவையும் விரல்கள் மடங்கும், பட்டை இறுகும், இளகியிருந்த பாதம் விறைத்து உடலை முன்னே தள்ளும்.

வயது போக இந்தப் பட்டை பழுதாகும். குதிக்கு அடியிலுள்ள கொழுப்பு மெத்தையும் மீள்தன்மையை இழக்கும். காலமை கட்டிலால் இறங்கி முதல் அடி வைக்கும்போது குதிக்குள் குத்தும். நாலைந்து அடி நடக்க லேசாகும். ஊரில் குதிவாதம் என்பார்கள். இராமுழுக்கப் பாதம் கீழ்நோக்கித் தொய்ந்து கிடக்க, கெண்டைத் தசையும் நார்ப்பட்டையும் சுருங்கி விறைத்திருக்கும். அதை முதல் அடி திடீரென்று இழுப்பதால்தான் அந்தக் குத்து. நோவெண்ணெய் பூசி உருவுவதும் சுடு ஒத்தடமும் சுகம் தரும், அதில் பிழையில்லை. ஆனால் உள்ளே நடப்பது வேறு. 2003 இல் அமெரிக்காவில், குதிநோவுக்காகச் சத்திரசிகிச்சை செய்த 50 பேரின் நார்ப்பட்டைத் துணுக்குகளை நுணுக்குக்காட்டியில் பார்த்தார்கள். எதிர்பார்த்த அழற்சி அங்கே இல்லை. நார்கள் ஒழுங்கு குலைந்து நைந்திருந்தன. அதாவது இது அணைக்க வேண்டிய நெருப்பல்ல, திரும்பக் கட்ட வேண்டிய தேய்வு. ஸ்டெரோயிட் ஊசி சில கிழமைகளுக்கு நோவைக் குறைக்கும் என்பது உண்மை. திரும்பத் திரும்பப் போட்டால் குதிக் கொழுப்பு மெலியவும் பட்டை அறவும் இடமுண்டு.

திரும்பக் கட்டுவது சுமையால். டென்மார்க்கில் ராத்லெஃப் என்பவரின் குழு, குதிநோவுள்ள 48 பேரைக் கொண்டு செய்த ஆய்வை 2014 இல் வெளியிட்டது. ஒரு பகுதியினர் காலை இழுத்து நீட்டும் பயிற்சி மட்டும் செய்தார்கள். மற்றவர்கள் படியொன்றில் முன்பாதத்தால் நின்று, விரல்களுக்குக் கீழே சுருட்டிய துவாயை வைத்து, நோகிற ஒற்றைக் காலால் குதியை உயர்த்தினார்கள். மூன்று எண்ணி மேலே, இரண்டு எண்ணி நிறுத்தம், மூன்று எண்ணிக் கீழே. ஒருநாள் விட்டு ஒருநாள். பழகப் பழக முதுகுப் பையில் புத்தகம் போட்டு எடையைக் கூட்டினார்கள். 3 மாதத்தில் சுமையேற்றியவர்களுக்கு நோவு நன்றாகக் குறைந்திருந்தது. ஒரு வருட முடிவில் இரு பகுதியினரும் ஏறத்தாழ ஒரே நிலைக்கு வந்துவிட்டார்கள் என்பதையும் அந்த ஆய்வு மறைக்கவில்லை. ஆனால் சில மாதம் முந்திச் சுகம் வருவது காலூன்றி வேலை செய்கிறவருக்குப் பெரிய விசயம். இதற்கு வேண்டியது வாசற்படியும் துவாயும்தான். கட்டிலடியில் ஒரு சோடி மெத்தென்ற செருப்பும் கிடக்கட்டும். சீமெந்து நிலத்தில் வெறுங்காலுடன் முதல் அடி வைக்க வேண்டாம்.

குதிக்கு மேலேயுள்ள நாணின் கதை எனக்கு இன்னும் வியப்பானது. 1955 முதல் 1963 வரை வல்லரசுகள் வெட்டவெளியில் வெடிக்கவைத்த அணுகுண்டுகள், வளியிலிருந்த கரிமம்-14 ஐ ஏறத்தாழ இரட்டிப்பாக்கின. அது பயிருக்குள் போய், உணவுக்குள் போய், உலகமெங்கும் வளர்ந்துகொண்டிருந்த பிள்ளைகளின் உடலுக்குள் போனது. கோப்பன்ஹேகனில் கத்யா ஹைனமையர் குழுவினர் 2013 இல் இந்தக் கரிமத்தை அடையாளமாக வைத்துக் குதிநாணின் வயதை அளந்தார்கள். நாணின் உட்பகுதி முதல் 17 வயதுக்குள் உருவாகி முடிகிறது. அதன் பிறகு அது ஏறக்குறைய புதுப்பிக்கப்படுவதே இல்லை. தசை அப்படியல்ல, வாழ்நாள் முழுவதும் புதுப்பித்துக்கொள்ளும். 1958 இல் ஊர்காவற்றுறையில் பிறந்து, அந்தக் காலச் சோற்றையும் ஒடியற்கூழையும் உண்டு வளர்ந்த ஒருவரின் குதிநாணுக்குள் அந்த வருடங்களின் கரிமம் இன்றும் இருக்கிறது. அறுபது தாண்டி ஓடுகிறவர் பள்ளிக்கூடக் காலத்தில் கட்டப்பட்ட நாணில்தான் ஓடுகிறார். அதனால்தான் சப்பாத்துப் புதிது, உற்சாகம் புதிது என்று ஒரே கிழமையில் தூரத்தை இரட்டிப்பாக்குவது ஆபத்து. தசை ஒரு மாதத்தில் பழகிவிடும். நாணுக்குப் பல மாதம் வேண்டும்.

ஆனால் பழைய நாண் என்பதால் அதைப் பொத்தி வைக்கவும் கூடாது. சுவீடனில் ஹோகன் அல்ஃப்ரெட்சன் என்ற எலும்பு வைத்தியருக்குக் குதிநாணில் நோவு இருந்தது. சத்திரசிகிச்சை செய்யும்படி மேலதிகாரியைக் கேட்டார். அவர் மறுத்துவிட்டார். நோவு முற்றினால் ஒத்துக்கொள்வார் என்று நினைத்து, படியில் நின்று குதியைக் கீழே இறக்கி இறக்கி நாணை வருத்தினார். நோவு முற்றவில்லை, மாறியது. அதையே முறையான பயிற்சியாக்கி, சராசரி 44 வயதுள்ள 15 பொழுதுபோக்கு ஓட்டக்காரரிடம் சோதித்து 1998 இல் வெளியிட்டார். முழங்காலை நேராக வைத்து 45 தடவை, மடக்கி 45 தடவை, நாளுக்கு இருமுறை, 12 கிழமை. 15 பேரும் ஓட்டத்துக்குத் திரும்பினார்கள்.

நோவு மாறும்வரை ஓடலாமா? பலரும் கேட்கும் கேள்வி. சுவீடனிலேயே சில்பர்நாகல் என்பவர் 2007 இல் வெளியிட்ட ஆய்வு பதில் சொல்கிறது. நாண் நோவுள்ள 38 பேரில் ஒரு பகுதியினர் முதல் 6 கிழமை ஓட்டத்தையும் பாய்ச்சலையும் நிறுத்தினர். மற்றவர்கள் நோவை அளந்தபடி தொடர்ந்தனர். பத்துக்கு ஐந்தைத் தாண்டக் கூடாது, மறுநாள் காலமைக்குள் தணிந்துவிட வேண்டும், கிழமைக்குக் கிழமை கூடக் கூடாது என்பது ஒழுங்கு. இரண்டு பயிற்சிக் குழுவும் ஒரேயளவு தேறின. ஆகவே "சும்மா படுத்திரு" என்பதும் சரியல்ல, "பல்லைக் கடித்துக்கொண்டு ஓடு" என்பதும் சரியல்ல. மறுநாள் காலமை கால் என்ன சொல்கிறது என்று பார்த்து அன்றைய தூரத்தைத் தீர்மானிக்க வேண்டும்.

இதுவரை சொன்னவை வாசற்படி நோவுகள். கணுக்கால் பிரளுவது வேறு. நெடுந்தீவில் முருகைக்கல் துண்டு கிடக்காத ஒழுங்கை அருமை. கல் வேலியோரம் ஓடுகிறவரின் பாதம் உட்பக்கம் மடங்கினால் நிமிடங்களில் கணுக்கால் வீங்கும். உழுக்கா, முறிவா? ஒவ்வொரு வீக்கத்துக்கும் எக்ஸ்றே தேடிக் கடல் கடக்க ஏலாது. உண்மையான முறிவை எண்ணெய் போட்டு உருவிக்கொண்டிருக்கவும் ஏலாது. 1992 இல் கனடாவின் ஒட்டாவாவில் இயன் ஸ்டீல் என்ற வைத்தியரின் குழு வகுத்த விதிகள் தீவுக்கென்றே எழுதியவை போலப் பொருந்தும். காலில் நான்கு அடிகூட எடுத்து வைக்க முடியவில்லையா? கணுக்காலின் இரு பக்கத்து எலும்பு முனையிலோ, அதன் பின்விளிம்பில் 6 சென்ரிமீற்றர் உயரத்துக்குள்ளோ விரலால் அழுத்த நோகிறதா? பாதத்தின் வெளிவிளிம்பில், சின்னவிரல் எலும்பு தொடங்கும் முண்டில் நோகிறதா? உட்பக்கம், வளைவின் உச்சியிலுள்ள எலும்பில் நோகிறதா? இதில் ஒன்றுக்கேனும் ஆம் என்றால் எக்ஸ்றே வேண்டும். எல்லாவற்றுக்கும் இல்லை என்றால் முறிவு இருப்பது மிக அரிது. காலை உயர்த்தி வைத்து, கட்டுப் போட்டு, ஓரிரு நாளில் மெல்ல நடக்கத் தொடங்கலாம். நொண்டிக்கொண்டாவது நான்கு அடி வைத்தால் அதையும் நடந்ததாகவே கணக்கெடுப்பார்கள். விழாமல், பிரளாமல், பாதத்தின் நடு எலும்பொன்றில் ஒரே புள்ளியில் நோவு தொடங்கி, நாளுக்கு நாள் கூடி, படுத்திருக்கும்போதும் விறுவிறுத்தால் அது எலும்பில் வந்த மயிர்க்கோட்டு வெடிப்பாக இருக்கலாம். மாதவிடாய் நின்ற பெண்கள் இதில் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். ஓட்டத்தை அன்றே நிறுத்திவிட்டு வைத்தியரிடம் போகவேண்டிய நோவு இது.

நீரிழிவுக்காரருக்கு இந்த விதிகளை நம்ப ஏலாது. அவர்களின் நரம்பு மரத்திருக்கலாம், முறிந்தாலும் நோகாது. நோவு வருவதைவிட வராமல் இருப்பதே அங்கே பயம். நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயில் ஆனித் திருவிழாவில் வெயில் காய்ந்த மணலில் வெறுங்காலுடன் நடந்து, கொப்புளம் வந்ததை வீட்டுக்குப் போய்ச் செருப்புக் கழற்றும்போது காண்கிறவர் இந்த வகை. இங்கிலாந்தின் இப்ஸ்விச் வைத்தியசாலையில் உருவான எளிய சோதனை இருக்கிறது. கண்ணை மூடச் சொல்லி, இரண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சின்னவிரல் நுனிகளைச் சுட்டுவிரலால் ஓரிரு செக்கன் மெதுவாகத் தொட வேண்டும். அழுத்தவோ தட்டவோ கூடாது. ஆறில் இரண்டு அல்லது அதற்கு மேல் தெரியவில்லை என்றால் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கக்கூடும் என்று பொருள். மகளோ மருமகனோ வீட்டில் இரண்டு நிமிடத்தில் செய்யலாம்.

ஓட்டத்தை விட்டாலும் தீவில் வாழ்கிறவருக்குப் பாதத்தின் வேலை குறையாது. குறிகட்டுவான் இறங்குதுறையில் வயதான ஒருவர் படகேறுவதைப் பாருங்கள். ஒரு கால் அசையாத கொங்கிறீற்றில். மற்றக் கால் அலையோடு ஏறி இறங்கும் படகின் விளிம்பில். ஒரு கையில் சாமான் பை. அந்த ஒரு கணம் முழு உடலும் ஒற்றைக் கணுக்காலில் நிற்கிறது. "அப்பு, என்ர கையைப் பிடிச்சு இறங்குங்கோ" என்று படகுக்காரப் பெடியன் கையை நீட்டுவான். பிறகு கீழ்த்தட்டுக்கு இறங்கும் செங்குத்துப் படி. பிறேசிலில் 51 முதல் 75 வயதுவரையான 1,702 பேரை ஒற்றைக் காலில் 10 செக்கன் நிற்கச் சொல்லிச் சோதித்த ஆய்வு 2022 இல் வெளியானது. அடுத்த ஏழு வருடமளவில், நிற்க முடிந்தவர்களில் 4.6 வீதமானோரும் நிற்க முடியாதவர்களில் 17.5 வீதமானோரும் இறந்திருந்தார்கள். முடியாதவர்கள் வயதிலும் நோயிலும் கூடியவர்கள் என்பதைக் கணக்கில் எடுத்த பிறகும் வித்தியாசம் பெரிதாகவே இருந்தது. கால் தளம்புவது உடல் முழுவதையும் பற்றிச் சொல்லும் செய்தி. பல் தீட்டும்போது ஒற்றைக் காலில் நின்று பழகலாம். பக்கத்தில் பிடிக்கச் சுவர் இருக்கட்டும்.

இவ்வளவு கரைச்சலோடு ஓடத்தான் வேண்டுமா என்று வீட்டார் கேட்பது நியாயம். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் 1984 முதல் 50 வயது தாண்டிய 538 ஓட்டக்காரரையும் ஓடாத 423 பேரையும் இரண்டு தசாப்தமளவு தொடர்ந்து பார்த்தது. 19 ஆவது வருடத்தில் ஓடியவர்களில் 15 வீதமும் ஓடாதவர்களில் 34 வீதமும் இறந்திருந்தனர். எழும்ப, நடக்க, உடுக்க முடியாத நிலை ஓடியவர்களுக்குப் பல வருடம் பிந்தியே வந்தது. ஓடியவர்கள் தொடக்கத்திலேயே ஆரோக்கியம் கூடியவர்களாய் இருந்திருக்கலாம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இருந்தும், வயது போனவர் ஓடினால் கால் அழிந்து முடமாவார் என்ற பயத்துக்கு அந்த ஆய்வில் ஆதாரம் கிடைக்கவில்லை.

பிள்ளைகள் கொழும்பிலும் கனடாவிலும் இருக்க, பெற்றோர் தனியே வாழும் வீடுகள் தீவகத்தில் நிறைய. அவர்களின் சுதந்திரம் பாதத்தில் இருக்கிறது. நெடுந்தீவு, நயினாதீவு, ஊர்காவற்றுறை வைத்தியசாலைகளுக்கு இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) ஒருவர் கிழமைக்கு ஒரு நாளாவது வந்து போவதைச் சுகாதார அதிகாரிகள் உறுதிசெய்ய வேண்டும். நீரிழிவு கிளினிக்கில் சீனியைப் பார்க்கும்போதே சப்பாத்தையும் செருப்பையும் கழற்றச் சொல்லி விரல் நுனிகளைத் தொட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு இயந்திரம் வேண்டாம், ஒரு விரல் போதும்.