விறகைச் சிக்கனமாக எரிப்பது எப்படி?

காஷ்மீரில் டிசம்பர் 21 அன்று 'சில்லை கலான்' தொடங்குகிறது. 40 நாட்கள் நீடிக்கும் கடுங்குளிர்க் காலம் இது. பனி விழுந்து ஜம்மு - ஸ்ரீநகர் நெடுஞ்சாலை அடைபட்டால் வெளியிலிருந்து பொருட்கள் வருவதும் குறைந்துவிடும். அதனால் இலையுதிர் காலத்திலேயே வீடுகளில் விறகு வாங்கி அடுக்கிவிடுகிறார்கள். அறையைச் சூடாக்க 'புக்காரி' எனப்படும் இரும்பு அடுப்பை வைத்திருப்பார்கள். அதன் தகரக் குழாய் புகையை வீட்டுக்கு வெளியே கொண்டுபோய் விடும்.

சேர்த்து வைத்த விறகு குளிர் முடியும்வரை வருமா, பாதியில் தீருமா என்பது எரிக்கும் முறையில் இருக்கிறது. காற்று வழியை அடைத்து மெல்லப் புகைய விட்டால் விறகு மிச்சமாகும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மை நேர்மாறானது.

புகை என்பது எரியாத விறகு

அடுப்பில் வைத்த விறகிலிருந்து முதலில் நீர் ஆவியாகிறது. பிறகு சூட்டில் வாயுக்கள் வெளியேறுகின்றன. நாம் பார்க்கும் தீச்சுவாலை அந்த வாயுக்கள் எரிவதுதான். மிஞ்சும் கரி கடைசியில் கனன்று எரிகிறது.

விறகு தரும் வெப்பத்தில் பாதிக்கு மேல் அந்த வாயுக்களில் இருக்கிறது. அவை எரிய நல்ல சூடும் போதிய காற்றும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் புகையாகக் குழாய் வழியே போய்விடும். நாம் கொடுத்த காசும் அதோடு போகிறது.

காய்ந்த விறகே பாதி வெற்றி

பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். 10 கிலோ வாங்கினால் 5 கிலோ தண்ணீருக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கிறோம். அதை ஆவியாக்கவே வெப்பம் செலவாகிறது. ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்க வேண்டும். அதற்கு விறகைப் பிளந்து, தரையில் படாமல், மழை நனையாமல், காற்றோட்டமாக அடுக்க வேண்டும். ஒரு கோடை முழுவதும் காய வேண்டும். கடின மரத்துக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். நன்கு காய்ந்த கட்டையின் முனையில் வெடிப்பு தெரியும். இரண்டு கட்டைகளைத் தட்டினால் கணீரென்று ஒலிக்கும்.

பற்ற வைக்கும் முறை

பெரிய கட்டைகளை அடியிலும் சுள்ளிகளை மேலேயும் வைத்து, மேலிருந்து பற்ற வையுங்கள். கீழிருந்து எழும் வாயுக்கள் மேலுள்ள தீயைக் கடக்கும்போதே எரிந்துவிடுவதால் புகை குறையும். தொடக்கத்தில் காற்று வழி முழுவதும் திறந்திருக்கட்டும். தீ நன்கு பிடித்த பிறகு சற்றுக் குறைக்கலாம். சுவாலை அணையும் அளவுக்கு மூட வேண்டாம். அடுப்பைத் திணித்து நிரப்பாமல் இரண்டு மூன்று கட்டைகளாகப் போடுங்கள். பெயின்ட் அடித்த மரம், பிளாஸ்டிக் ஆகியவற்றை ஒருபோதும் எரிக்கக் கூடாது. அவற்றின் புகை நஞ்சு.

அடுப்பு சூடேறிய பிறகு வெளியே வந்து குழாயைப் பாருங்கள். அடர்ந்த புகை வந்தால் விறகு ஈரம், அல்லது காற்று போதவில்லை.

உயிரைப் பறிக்கும் தவறு

புகைய விடுவதால் விறகு மட்டும் வீணாவதில்லை. குழாயின் உட்புறம் தார் போன்ற கரி படிகிறது. அது தீப்பிடிக்கலாம், குழாயையும் அடைக்கலாம். அடைபட்டால் கார்பன் மோனாக்சைடு அறைக்குள் திரும்பும். அதற்கு நிறமோ மணமோ இல்லை. இரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு வந்தால் உடனே எல்லோரும் வெளியேற வேண்டும். உறங்குபவருக்கோ இந்த அறிகுறிகள் தெரியாது.

எனவே குளிர்காலம் தொடங்கும் முன்பும் இடையிலும் குழாயைச் சுத்தம் செய்யுங்கள். ஊட்டி, கொடைக்கானல் செல்வோர் குளிருக்காகக் கரி அடுப்பை மூடிய அறைக்குள் கொண்டுவர வேண்டாம். அதற்குப் புகைக்குழாயே கிடையாது. சாம்பலில் கனல் நாள் கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதால் அதை மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு வீட்டுக்கு வெளியே வையுங்கள்.

உறங்கச் செல்லும்போது வீட்டில் நெருப்பை எரிய விட வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். மாலையில் நன்றாக எரித்து அறையைச் சூடாக்குவோம். நெருப்பு முழுவதும் அடங்கியதைப் பார்த்த பிறகு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு உறங்குவோம்.