கேஸ் கீசர் பாத்ரூமுக்குள் இருக்கிறதா? வாசனையே இல்லாமல் வரும் ஆபத்தும், தப்பிக்கும் வழிகளும்

பெங்களூருவில் வாடகை வீடு பார்க்கப் போனால் நாம் என்னென்ன கேட்போம்? காவேரி தண்ணி வருதா, அட்வான்ஸ் எத்தனை மாசம், பைக் நிறுத்த இடம் இருக்கா, ஆபீஸ் எவ்வளவு தூரம். பாத்ரூமை எட்டிப் பார்த்து 'கீசர் இருக்கா?' என்று ஒரு வார்த்தை. 'இருக்கு' என்றதும் அடுத்த அறைக்குப் போய்விடுவோம். அது கரண்டில் ஓடுவதா, கேஸில் ஓடுவதா, கேஸ் என்றால் எங்கே மாட்டியிருக்கிறார்கள் என்று பெரும்பாலும் கேட்பதில்லை.

அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும். 2023 ஜூன் மாதம், பெங்களூருவின் வடக்கே சிக்கஜாலா காவல் எல்லையில் ஓர் இளம் ஜோடி குளியலறையில் இறந்து கிடந்தார்கள். 2025 அக்டோபரில் மைசூரு மாவட்டம் பிரியாபட்டணத்தில், ஒன்றாகக் குளிக்கப் போன அக்கா, தங்கை இருவரும் உயிரோடு வெளியே வரவில்லை. இருவருமே இருபதுகளில் இருந்தவர்கள். இரண்டு சம்பவங்களிலும் காவல்துறை முதலில் சுட்டிக்காட்டியது கேஸ் கீசரை. தீ விபத்து இல்லை, சிலிண்டர் வெடிக்கவும் இல்லை. மூடிய அறையில் சேர்ந்த கார்பன் மோனாக்சைடுதான் சந்தேகிக்கப்பட்ட காரணம்.

"கேஸ் லீக் ஆனா நாத்தம் வருமே?"

எல்லோரும் சொல்வது இதுதான். ஆனால், இங்கே நடப்பது கேஸ் லீக் இல்லை.

சமையல் கேஸுக்கு இயல்பாக வாசனை கிடையாது. கசிந்தால் நமக்குத் தெரியட்டும் என்றுதான் எத்தில் மெர்காப்டன் என்ற ரசாயனத்தைக் கலக்கிறார்கள். நாம் 'கேஸ் நாத்தம்' என்று சொல்வது அந்த ரசாயனத்தின் வாசனையைத்தான். கேஸ் எரியும்போது அதுவும் சேர்ந்து எரிந்துவிடும்.

கீசரில் கேஸ் கசியவில்லை, எரிகிறது. காற்று போதுமான அளவு இருந்தால் எரிந்து முடிந்து கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் மாறும். காற்று போதவில்லை என்றால் அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு உருவாகும். இதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை, கண் எரிச்சலும் இருமலும் வராது. ஏதோ தப்பு நடக்கிறது என்று உடம்பு எச்சரிக்கவே எச்சரிக்காது.

ஒரு சின்னக் கணக்கு

நிமிடத்துக்கு 6 லிட்டர் சுடுநீர் தரும் சாதாரண கேஸ் கீசரை எடுத்துக்கொள்வோம். பார்க்க ஒரு சின்னப் பெட்டிதான். ஆனால், முழு வேகத்தில் ஓடும்போது வீட்டு அடுப்பின் நாலைந்து பர்னர்களை ஒன்றாக எரிப்பதற்குச் சமமான தீ அதற்குள் இருக்கும். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கேஸ் எரியும். ஒரு கிலோ கேஸ் முழுமையாக எரிய சுமார் 12 கன மீட்டர் காற்று வேண்டும்.

இப்போது பாத்ரூமைப் பாருங்கள். 5 அடிக்கு 6 அடி, உயரம் 8 அடி என்றால் உள்ளே இருக்கும் மொத்தக் காற்றே 7 கன மீட்டருக்கும் குறைவு. கதவு, ஜன்னல் எல்லாம் மூடியிருந்தால், அரை மணி நேரத்தில் கீசர் அந்த அறையின் காற்று முழுவதையும் கேட்கும். அவ்வளவு நேரம்கூட ஆகாது. காற்றில் 21 சதவீதமாக இருக்கும் ஆக்சிஜன் சில புள்ளிகள் குறைந்தாலே போதும், தீ அரைகுறையாக எரிய ஆரம்பித்துவிடும். பத்து, பதினைந்து நிமிடக் குளியலே ஆபத்தாக மாறுவது இப்படித்தான்.

நெருக்கமான வீடுகளில் நிலைமை இன்னும் மோசம். முப்பதுக்கு நாற்பது சைட்டில் மூன்று, நான்கு மாடி எழுப்பியிருப்பார்கள். பாத்ரூம் வென்டிலேட்டர் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்துத் திறக்கும், இல்லையென்றால் காற்றே ஓடாத டக்ட்டுக்குள் திறக்கும். குளிரும் கொசுவும் வருகிறது என்று அதையும் அட்டை வைத்து அடைத்துவிடுவோம். பெங்களூருவில் டிசம்பர், ஜனவரி மட்டும் இல்லை, ஜூன் மழையிலும் ஜன்னலை மூடத்தான் தோன்றும்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமந்து செல்வது ஹீமோகுளோபின். கார்பன் மோனாக்சைடு அதனோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். மூச்சு வழக்கம்போல ஓடும், ஆனால், மூளைக்கும் இதயத்துக்கும் ஆக்சிஜன் போய்ச் சேராது.

முதலில் தலைவலி, தலைசுற்றல், குமட்டல். அடுத்தது கால் துவண்டுபோவது. கதவைத் திறக்க வேண்டும் என்று தோன்றும்போது எழுந்து நிற்கத் தெம்பு இருக்காது. கத்திக் கூப்பிடாமலேயே பலர் மயங்கிவிழுவதற்குக் காரணம் இது. வெளியே இருப்பவர்களுக்கோ தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கும்.

குழந்தைகள் பெரியவர்களைவிட வேகமாக மூச்சு விடுவதால், அதே காற்று அவர்களைச் சீக்கிரம் பாதிக்கும். சுடுநீரில் விளையாட விட்டு, சளி பிடிக்கக் கூடாது என்று கதவையும் இறுக்கி மூடிக் குளிப்பாட்டுவது நம் பழக்கம். குளிக்கும்போது குழந்தை திடீரென்று சோர்ந்தாலோ வாந்தி எடுத்தாலோ 'பசியா இருக்கும்' என்று விட்டுவிடாதீர்கள். உடனே தூக்கிக்கொண்டு வெளியே வாருங்கள். கருவில் இருக்கும் குழந்தையையும் இது பாதிக்கும் என்பதால் கர்ப்பிணிகள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

ஆக்சிமீட்டரை நம்பாதீர்கள்

கோவிட் காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் பல வீடுகளில் இன்னும் இருக்கும். இந்த விஷயத்தில் அது உங்களை ஏமாற்றிவிடும். விரலில் மாட்டும் சாதாரணக் கருவிக்கு, ஹீமோகுளோபினில் ஒட்டியிருப்பது ஆக்சிஜனா, கார்பன் மோனாக்சைடா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஆள் மயக்கத்தில் இருக்கும்போதும் 98, 99 என்று காட்டலாம். ரத்தப் பரிசோதனையில் கார்பாக்ஸி ஹீமோகுளோபின் அளவைப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. தலையில் சுடுநீர் ஊற்றும்போது வலிப்பு வரும் 'ஹாட் வாட்டர் எபிலெப்ஸி' தென் கர்நாடகத்தில் அதிகம் காணப்படுவது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் இதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்திருக்கிறார்கள். அதனால் பாத்ரூமில் ஒருவர் விழுந்தால் 'ஃபிட்ஸ்' என்று நினைப்பது எளிது. எனவே மருத்துவமனையில் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்: "வீட்டில் கேஸ் கீசர், பாத்ரூமுக்குள்ளேயே இருக்கு." சிகிச்சையின் திசையையே இந்த ஒரு வாக்கியம் மாற்றும்.

சரி, என்ன செய்யலாம்?

கீசரை வெளியே மாற்றுங்கள். நிரந்தரத் தீர்வு இதுதான். பெங்களூரு வீடுகளில் துணி துவைக்க விடும் யூட்டிலிட்டி பால்கனி, காற்றோட்டமாக இருந்தால் நல்ல இடம். கீசரும் சிலிண்டரும் அங்கே இருக்கட்டும், சுடுநீர்க் குழாய் மட்டும் பாத்ரூமுக்குள் வரட்டும். யாருடைய ஜன்னலுக்கும் கீழே வராத மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடி போட்டு அடைத்த பால்கனி என்றால் அதுவும் ஒரு மூடிய அறைதான்.

எக்ஸாஸ்ட் ஃபேன் போதும் என்று நினைக்காதீர்கள். கதவு மூடியிருந்து வெளிக்காற்று உள்ளே வர வழியே இல்லையென்றால், ஃபேனால் பெரிதாக எதையும் இழுத்து வெளியே தள்ள முடியாது. புகைக்குழாய் பொருத்திய கீசராக இருந்தால், குழாய் வழியாகப் போக வேண்டிய புகையைச் சில நேரம் அந்த ஃபேனே உள்ளே இழுத்துவிடும்.

இன்றைக்கே மாற்ற முடியவில்லையா? கதவையும் ஜன்னலையும் திறந்துவைத்து பக்கெட்டில் தண்ணீர் பிடியுங்கள். அப்போது யாரும் உள்ளே இருக்க வேண்டாம். கீசரை அணைத்து, கொஞ்ச நேரம் காற்றாட விட்டு, பிறகு குளியுங்கள். சுடுநீர் பக்கெட் இருக்கும் இடத்தில் குழந்தையைத் தனியாக விடாதீர்கள்.

தீயின் நிறத்தைக் கவனியுங்கள். நீலமாக எரிய வேண்டிய தீ மஞ்சளாக எரிந்தாலோ, கீசரைச் சுற்றிக் கரி படிந்தாலோ உடனே நிறுத்தி சர்வீஸுக்குச் சொல்லுங்கள். ஆனால், நீலத் தீ என்பதற்காக மூடிய அறை பாதுகாப்பானது ஆகிவிடாது. கீசரில் ஐஎஸ் 15558 தர முத்திரை இருப்பதும் அப்படித்தான். அது கருவியின் தரத்தைச் சொல்லும், உங்கள் பாத்ரூமின் காற்றோட்டத்தைச் சொல்லாது.

கார்பன் மோனாக்சைடு அலாரம் ஆன்லைனில் கிடைக்கிறது. வாங்கும்போது கவனம்: சமையல் கேஸ் கசிவைக் கண்டுபிடிக்கும் கருவி வேறு, இது வேறு. அலாரம் இருக்கிறதே என்று கீசரை உள்ளேயே விட்டுவைக்கவும் கூடாது.

ஓனரிடம் எப்படிப் பேசுவது?

இங்கிலாந்தில் 2022 அக்டோபர் முதல், பாய்லர் போல எரிபொருளில் இயங்கும் கருவி நிரந்தரமாகப் பொருத்தப்பட்ட அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் வைப்பது வீட்டு உரிமையாளரின் சட்டப்பூர்வப் பொறுப்பு. நம் ஊரில் இந்தப் பேச்சை நாம்தான் தொடங்க வேண்டியிருக்கிறது.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே பேசுவது நல்லது. ஏற்கெனவே குடியிருந்தால், பாத்ரூமைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி எழுத்தில் கேளுங்கள். "கீசர் பாத்ரூம் ஹொரகடே ஹாக்சி கொடி சார்" என்று கன்னடத்தில் ஒரு வார்த்தை சொன்னால் பேச்சு சுலபமாகும். குழாய் இழுக்கும் செலவைப் பகிர்ந்துகொள்ளத் தயார் என்றும் சொல்லிப் பாருங்கள். ஓனர் ஒத்துக்கொள்ளவே இல்லையென்றால் அந்தக் கீசரைப் பயன்படுத்தாதீர்கள். கரண்ட் கீசர் ஒன்றை நீங்களே வாங்கி, எர்த்திங் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்து மாட்டுங்கள். வீடு மாறும்போது அதைக் கழற்றிக்கொண்டு போகலாம்.

யாராவது உள்ளே விழுந்துவிட்டால்?

கூப்பிட்டும் பதில் வரவில்லை என்றால் காத்திருக்காதீர்கள், கதவை உடையுங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு போய், அவரை இழுத்துத் திறந்த வெளிக்குக் கொண்டுவாருங்கள். உள்ளேயே உட்கார்ந்து முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தால் நீங்களும் விழுவீர்கள். ஜன்னலைத் திறப்பதையும் ரெகுலேட்டரை மூடுவதையும் இன்னொருவர் செய்யட்டும். 108 அல்லது 112க்கு அழையுங்கள். மூச்சு இல்லையென்றால் சிபிஆர் தொடங்குங்கள்.

கண் திறந்து 'நான் நல்லாத்தான் இருக்கேன்' என்று அவர் சொன்னாலும் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். சாதாரணக் காற்றில், ரத்தத்தில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு பாதியாகக் குறையவே நான்கைந்து மணி நேரம் ஆகும். முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் குறையும். சிலருக்கு மறதி, தடுமாற்றம், நடத்தை மாற்றம் போன்றவை சில நாட்களோ வாரங்களோ கழித்தும் வரலாம். டிஸ்சார்ஜ் ஆன பிறகும் ஒரு மாதம் கவனித்து வாருங்கள்.

வீட்டுக்குள் கரி மூட்டிக் குளிர் காய்வதும், மூடிய இடத்தில் ஜெனரேட்டர் ஓடவிடுவதும் இதே ஆபத்துதான். எரியும் எதற்கும் வெளிக்காற்று வேண்டும், எரிந்த புகை வெளியே போக வேண்டும்.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் பாத்ரூம் கதவைத் திறந்து ஒரு தடவை மேலே பாருங்கள். அங்கே கேஸ் கீசர் இருந்தால், நாளைக் காலைக் குளியலுக்கு முன் ஓனருக்கு அந்த மெசேஜ் போய்விடட்டும். ஊரில் அம்மா, அப்பா வீட்டிலும் இருக்கிறதா என்று ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.